நெட் கேபிள் இழுக்குறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வைஃபை ஏன் ரூமுக்கு ரூம் மாறுதுன்னு எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கேபிள் பத்தின கேள்விதான். அதனால இந்த முறை முழுக்க கேபிளுக்கே. ஏணியும் கிரிம்பிங் டூலுமா இத்தனை வருஷம் திரிஞ்சதுல மனசுல பட்டதை சில இடத்துல கொஞ்சம் கறாராவே சொல்லியிருக்கேன்.

சார், புது வீடு கட்டிட்டு இருக்கோம், கீழ ஒரு தளம் மேல ஒரு தளம். அடுத்த வாரம் ரூஃப் கான்கிரீட். எலக்ட்ரீஷியன் "இப்ப எல்லாமே வைஃபைதானே, நெட்டுக்குன்னு தனி பைப் எதுக்கு"ங்கிறார். அவர் சொல்றது சரியா? (ஈரோடு வாசகர்)

கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுவே பெரிய விஷயம். பெரும்பாலும் வீடு குடி போன பிறகுதான் எனக்கு போன் வரும், அப்ப சுவத்துல காடி எடுக்கணும், இல்லன்னா பெயின்ட் அடிச்ச சுவத்து மேலயே கேசிங் கேப்பிங் ஒட்டணும், பாக்கவே கஷ்டமா இருக்கும்.

உங்க எலக்ட்ரீஷியன் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: அந்த வைஃபை பாக்ஸுக்கு நெட் எதுல வருது? மேல் மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தர்ற பெட்டி) வைக்கணும்னா அதுக்கும் ஒரு கேபிள் போகணும் இல்லையா. கீழ ஹால்ல இருக்கற ரவுட்டர் சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேல போகும்போது பாதி செத்துடும். அதனால வைஃபை நல்லா வேலை செய்யணும்னாலே கேபிள் வேணும்.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டுல ஒரு இடத்தை முடிவு பண்ணுங்க, மாடிப்படிக்கு அடியிலயோ ஸ்டோர் ரூம்லயோ ஒரு சின்ன ரேக் வைக்கற மாதிரி, பக்கத்துல ஒரு பிளக் பாயின்ட்டும் கொஞ்சம் காத்தோட்டமும் இருக்கணும். ஒவ்வொரு ரூம்ல இருந்தும் தனித்தனியா பைப் அந்த ஒரு இடத்துக்கு வந்து சேரணும். லைட்டுக்கு இழுக்கற மாதிரி ஒரு பாக்ஸ்ல இருந்து அடுத்த பாக்ஸுக்கு, அங்கேயிருந்து அதுக்கடுத்ததுக்குன்னு சங்கிலியா போகக் கூடாது, எலக்ட்ரீஷியனுங்க பழக்க தோஷத்துல இதைத்தான் செய்வாங்க, கூட நின்னு பாத்துக்கோங்க. கேபிளுக்கு நடுவுல ஒட்டும் போடக் கூடாது, சுவத்துப் பாயின்ட்ல இருந்து ரேக் வரைக்கும் ஒரே துண்டு.

பைப் 25 எம்எம் போடுங்க. அதுல கேட் 6ங்கற வகை நெட் கேபிள் நாலு தாராளமா போகும், பைப்போட உள் இடத்துல 40 சதவீதத்துக்கு மேல அடைக்கக் கூடாதுங்கறது கணக்கு. வளைவுல எல்போ போடாதீங்க, பைப்பையே ஸ்பிரிங் விட்டு நீளமா வளைக்கச் சொல்லுங்க, இல்ல லாங் பெண்டு வாங்குங்க. ரெண்டு 90 டிகிரி வளைவுக்கு மேல இருந்தா நடுவுல ஒரு பாக்ஸ் வைக்கணும், அது இல்லன்னா கேபிள் இழுக்கறப்போ ரெண்டு ஆளு சேர்ந்து கயிறு இழுக்கற மாதிரி இழுப்பாங்க, அதுல கேபிளுக்குள்ள ஜோடி ஜோடியா இருக்கற கம்பிங்களோட முறுக்கு கலைஞ்சு போயிடும். ஒரு நெட் கேபிளை 110 நியூட்டனுக்கு மேல, அதாவது சுமார் 11 கிலோ வெயிட் தொங்கவிட்ட அளவு விசைக்கு மேல இழுக்கக் கூடாது. நம்ம ஆளுங்க இழுக்கற இழுப்புக்கு அதெல்லாம் முதல் பத்து அடியிலயே தாண்டிடும்.

கரண்ட் ஒயர் போற பைப்புக்குள்ளயே இதையும் விட்டுடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. அது ஆபத்தும் கூட. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நீளமா போற இடத்துல நான் ஒரு அடியாவது இடைவெளி விடுவேன், குறுக்க வெட்டிப் போக வேண்டி வந்தா நேர் குறுக்கா, 90 டிகிரில தாண்டணும்.

டிவி இருக்கற சுவர், படிக்கற மேஜை, ரெண்டு மாடியிலயும் ஆக்சஸ் பாயின்டுக்கு சீலிங் நடுவுல ஒண்ணு, வாசல்ல கேமராவுக்கு ஒண்ணு. ஒரு இடத்துல ஒண்ணு போதும்னு தோணும், ரெண்டா இழுங்க, கூலி ஒரே கூலிதான். இப்ப காசு இடிச்சா கேபிள் அப்புறம் இழுத்துக்கலாம், பைப் மட்டும் போட்டு, பின்னாடி கேபிளைக் கட்டி இழுக்க உள்ள ஒரு ஜிஐ கம்பியை விட்டு வச்சிடுங்க. எந்த கேபிள்னா, வீட்டுக்கு கேட் 6 போதும். 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ், 55 மீட்டருக்குள்ள இருந்தா 10 ஜிபிபிஎஸ் கூட போகும், உங்க வீட்டுல எந்த ஓட்டமும் 30 மீட்டரைத் தாண்டாது.

கோயம்புத்தூர்ல ஒரு கடைல கேட் 6 ஒரு பாக்ஸ் மத்த கடையை விட பாதி விலைக்குத் தர்றாங்க. 305 மீட்டர்னுதான் போட்டிருக்கு, பார்க்கவும் ஒண்ணு போலத்தான் இருக்கு. வாங்கலாமா? (திருப்பூர் வாசகர்)

வாங்காதீங்க. பாக்ஸ் மேல எங்கயாவது சின்ன எழுத்துல சிசிஏன்னு இருக்கான்னு பாருங்க, பல பேரு அதைக் கூட போடறதில்ல. அது அலுமினியக் கம்பிக்கு மேல செம்பு பூசினது. அமெரிக்காவோட டிஐஏ தரமாகட்டும் உலக அளவுல உள்ள ஐஎஸ்ஓ தரமாகட்டும், எதுலயும் இதுக்கு இடம் கிடையாது, முழு செம்பு மட்டும்தான். கேட் 6னு அச்சடிச்சுட்டா கேட் 6 ஆயிடாது.

கண்டுபிடிக்கறது சுலபம். ஒரு துண்டு வெட்டி உள்ள இருக்கற கம்பியை பிளேடால லேசா சுரண்டுங்க, வெள்ளை தெரிஞ்சா அலுமினியம். ரெண்டாவது, தராசு. கேட் 6ல பெரும்பாலும் 23 கேஜ் (தடிமன் அளவு) கம்பி, எட்டு கம்பி, 305 மீட்டர், கணக்குப் போட்டா செம்பு மட்டுமே ஐந்தரை கிலோ வரும், 24 கேஜ்னா நாலரை. அதே 23 கேஜ் அலுமினியத்துல ரெண்டு கிலோ சொச்சம்தான். அதனால ரெண்டு பாக்ஸையும் ரெண்டு கையில தூக்கிப் பாத்தாலே தெரிஞ்சுடும், மெஷினே வேண்டாம்.

இதுல நானே பட்டிருக்கேன். ஒரு துணி குடோன்ல 16 கேமரா, கேபிள் ஏற்கெனவே வேற ஒருத்தர் இழுத்து முடிச்சிருந்தார், நான் நெட்வொர்க் ஸ்விட்ச் (எல்லா கேபிளும் வந்து சேர்ற பெட்டி) மாட்டித் தர மட்டும் போனேன். பகல்ல எல்லா கேமராவும் அருமையா ஓடுது. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல ஒண்ணொண்ணா அணைஞ்சு அணைஞ்சு வருது. ஸ்விட்ச் மாத்தினேன், கேமரா மாத்தினேன், மூணு ராத்திரி அங்கயே உக்காந்திருந்தேன், காரணம் புரியல. கடைசில கேபிளைச் சுரண்டிப் பாத்தா வெள்ளை. இருட்டுனதும் கேமராவுல இருக்கற இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், அப்ப கரண்ட் அதிகமா இழுக்கும், அலுமினியம் கலந்த கம்பியில தடை செம்பை விட ஒன்றரை மடங்குக்கும் மேல, அதனால வழியிலயே வோல்டேஜ் இறங்கி கேமரா ரீஸ்டார்ட் ஆகுது. பகல்ல விளக்கு எரியாததால தெரியல. மொத்த கேபிளையும் புடுங்கித்தான் மாத்துனோம்.

இப்ப கேபிள் வழியாவே கரண்ட் அனுப்பற பிஓஈ வந்த பிறகு இது இன்னும் முக்கியம். 2003ல முதல் தரம் வந்தப்போ ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்தான், 2009ல 30 வாட் ஆச்சு, 2018ல வந்த தரத்துல 90 வாட் வரைக்கும் போகுது. அவ்வளவு கரண்டை அலுமினியக் கம்பியில, அதுவும் இருபது முப்பது கேபிளை ஒரே கட்டா கட்டி விட்டா நடுவுல இருக்கற கேபிள் எவ்வளவு சூடாகும்னு யோசிச்சுப் பாருங்க.

எங்க வீட்டுல 300 எம்பிபிஎஸ் பிளான். ரவுட்டர் பக்கத்துல 300 வருது, மாடி ரூம்ல கேபிள் போட்டு டெஸ்ட் பண்ணினா எப்பவும் 94, 95. கம்பெனிக்காரங்க எங்க சைடு ஓகேங்கிறாங்க. (தஞ்சாவூர் வாசகி)

அவங்க சொல்றது உண்மையா இருக்க வாய்ப்பு அதிகம்மா. அந்த 94ங்கற நம்பரே நோயைச் சொல்லிடுது. அது 100 எம்பிபிஎஸ் லிங்க்ல கிடைக்கற அதிகபட்ச வேகம். 100க்கு நாலு கம்பி போதும், முனைக் கிளிப்ல 1, 2, 3, 6ங்கற இடத்துல இருக்கறது. ஒரு ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டு கம்பியும் வேணும். நீல ஜோடியிலயோ பிரவுன் ஜோடியிலயோ ஒரு கம்பி சரியா கடிக்காம இருந்தா பெரும்பாலான மெஷினுங்க சத்தமில்லாம 100க்கு இறங்கிடும், நெட் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகமே வராது.

முதல்ல ரெண்டு பக்கமும் சொருகியிருக்கற சின்ன கேபிளை, அதாவது பேட்ச் கார்டை, மாத்திப் பாருங்க. அப்புறம் நடுவுல பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க, லேப்டாப்பையும் பாருங்க, சிலதுல போர்ட்டே 100தான். அதுவும் இல்லன்னா சுவத்துப் பாயின்ட்டைக் கழட்டி கம்பியை திரும்ப பஞ்ச் பண்ண, அதாவது டூலால அழுத்திப் பதிக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஒரே கேபிளைப் பிரிச்சு நாலு கம்பி கம்ப்யூட்டருக்கு, நாலு கம்பி போனுக்கோ கேமராவுக்கோன்னு குடுக்கற வழக்கம் இருக்கு. அப்படி செஞ்சிருந்தா அந்த கேபிள்ல ஜிகாபிட் வரவே வராது, இன்னொரு கேபிள் இழுக்கறதைத் தவிர வழியில்ல.

கலர் கோட்ல ஏ நல்லதா பி நல்லதா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும், எந்த வரிசைல வேணா போடலாம்"ங்கிறார். (விருதுநகர் வாசகர்)

ஏ, பிங்கறது எட்டு கம்பியையும் முனையில அடுக்கற ரெண்டு கலர் வரிசை, ரெண்டுக்கும் வேகத்துல வித்தியாசமே கிடையாது தம்பி. நம்ம ஊர்ல எல்லாரும் பி தான், வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ஒரு கட்டடத்துல எதை ஆரம்பிச்சீங்களோ அதையே கடைசி வரைக்கும் போடுங்க, அவ்வளவுதான்.

ஆனா உங்க நண்பர் சொன்ன ரெண்டாவது பேச்சு ரொம்பத் தப்பு, இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும். கம்பி ரெண்டு ரெண்டா முறுக்கியிருக்கறது அழகுக்கு இல்ல. டெலிபோன் கண்டுபிடிச்ச பெல் 1881லயே இந்த முறுக்குக்கு பேடன்ட் வாங்கிட்டார். ஒரு கம்பியில போற சிக்னலுக்கு நேர் எதிரானது அதோட ஜோடிக் கம்பியில போகுது, வெளியில இருந்து வர்ற இரைச்சல் ரெண்டுலயும் சமமா விழுது, அந்தப் பக்கம் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கறப்போ இரைச்சல் கழிஞ்சு போயிடுது. நாலு ஜோடியிலயும் முறுக்கு நெருக்கம் வேற வேறயா இருக்கும், ஒண்ணு பக்கத்து ஜோடிக்குள்ள கேக்கக் கூடாதுன்னு அப்படி செஞ்சிருக்காங்க. ஒரு அடி உரிச்சு நாலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, கண்ணுக்கே தெரியும்.

இப்ப உங்க நண்பர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடின்னு வரிசையா அடுக்கிடறார்னு வைங்க. 3ம் 6ம் ஒரே ஜோடியா இருக்கணும். இவர் வரிசைப்படி 3ல பச்சை ஜோடியோட ஒரு கம்பி, 6ல நீல ஜோடியோட ஒரு கம்பி. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கே இல்ல. எட்டு லைட்டு டெஸ்டர்ல மாட்டினா ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் அழகா எரியும், ஏன்னா கம்பி தொடர்ச்சி இருக்கு. ஓடவிட்டா அனுப்பற டேட்டா நடுவுல தொலைஞ்சு போகும், வேகம் வராது, சின்ன நீளத்துல வேலை செஞ்சு பெரிய நீளத்துல படுத்துடும். இதுக்குப் பேரு ஸ்பிளிட் பேர். எட்டு லைட்டு டெஸ்டரை மட்டும் நம்பி நான் வேலையை முடிச்சுக் குடுக்காததுக்கு இதுதான் காரணம்.

அதே காரணத்தாலதான் முனையில முறுக்கைப் பிரிக்கறதுக்கும் ஒரு அளவு வச்சிருக்காங்க, 13 மில்லிமீட்டர், அரை இஞ்சு. ரெண்டு இஞ்சு பிரிச்சு நேராக்கி வச்சு கிரிம்ப் பண்றவங்களைப் பாத்தா தயவு செஞ்சு நிறுத்தச் சொல்லுங்க.

எங்க ஸ்கூல்ல புது பிளாக்குக்கு 120 பாயின்ட் நெட்வொர்க். ஒருத்தர் கொட்டேஷன்ல டெஸ்டிங், லேபிள், பேட்ச் பேனல் எல்லாத்துக்கும் தனியா தொகை போட்டிருக்கார், இன்னொருத்தர் அதெல்லாம் வேண்டாம், கேபிள் முனையில கிளிப் அடிச்சு நேரா ஸ்விட்ச்ல சொருகிடலாம், கம்மியா முடியும்ங்கிறார். நிர்வாகம் ரெண்டாவது ஆளுகிட்ட சாயுது. (திண்டுக்கல், ஒரு பள்ளி அலுவலர்)

நிர்வாகத்துகிட்ட இந்தப் பக்கத்தையே காட்டுங்க சார்.

சுவத்துக்குள்ள போற கேபிள்ல உள்ள கம்பி ஒத்தைக் கம்பி, கெட்டியானது. அடிக்கடி அசைச்சா உடைஞ்சுடும். அதனால அதை பேட்ச் பேனல்ல (ரேக்ல மாட்டற, வரிசையா சாக்கெட் உள்ள பலகை) பின்பக்கம் பஞ்ச் பண்ணி அசையாம வச்சுட்டு, முன்பக்கம் நெளியற பேட்ச் கார்டு போட்டு ஸ்விட்சுக்குக் கொண்டு போறது. தரத்துல சொல்ற 100 மீட்டர் கணக்கும் இதை வச்சுத்தான்: பேனல்ல இருந்து கிளாஸ் ரூம் பாயின்ட் வரைக்கும் 90, ரெண்டு பக்க கார்டுக்கும் சேர்த்து 10. ஸ்விட்ச் நாலஞ்சு வருஷத்துல மாறும், கம்ப்யூட்டர் மாறும், பெஞ்சு கூட மாறும், ஆனா இந்தக் கேபிள் அப்படியே இருக்கணும். 1991ல அமெரிக்காவுல டிஐஏ 568ங்கற முதல் தரம் வந்ததே இதுக்காகத்தான். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் ஒவ்வொரு கேபிள், கம்ப்யூட்டர் மாத்தினா கேபிளையும் புடுங்கணும். 1995ல உலக அளவுல ஐஎஸ்ஓ 11801 வந்துச்சு. நம்ம நாட்டுலயும் 2016 தேசிய கட்டட விதித் தொகுப்புல எட்டாவது பகுதியில இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, தண்ணிக் குழாய், லிஃப்ட் மாதிரி இதையும் கட்டடத்தோட ஒரு அங்கமா சேத்துட்டாங்க.

டெஸ்டிங் பத்தி. ஆளுங்க ஃப்ளூக் டெஸ்ட்னு சொல்லுவாங்க, அந்த மெஷின் விலை பல லட்சம், அதனால வாடகைக்கு எடுத்து செய்வாங்க, அதுக்குத்தான் அந்தத் தொகை. ஒவ்வொரு பாயின்டுக்கும் கம்பி வரிசை, நீளம், வழியில சிக்னல் எவ்வளவு குறையுது, ஒரு ஜோடியோட சத்தம் இன்னொண்ணுல எவ்வளவு விழுது, முனையில மோதி எவ்வளவு திரும்பி வருதுன்னு அளந்து பாஸ், ஃபெயில் சொல்லும். கேட் 6னா 250 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அளக்கும். 120 பாயின்டுக்கும் ரிப்போர்ட் வாங்குங்க, சாம்பிளுக்குப் பத்து பாத்துட்டு விட்டுடாதீங்க. கேபிள் கம்பெனிங்க 20, 25 வருஷ வாரன்டின்னு சொல்றாங்களே, அதுக்கு இந்த ரிப்போர்ட்டும் அவங்க அங்கீகரிச்ச ஆளு வேலை செஞ்சிருக்கறதும் வேணும்.

லேபிளை மட்டும் விட்டுடவே விட்டுடாதீங்க. ஒரு ஆபீஸ்ல 96 கேபிள், ஒண்ணுலயும் பேரு இல்ல, போட்டவர் ஊரை விட்டே போயிட்டார். எந்த கேபிள் எந்த மேஜைக்குன்னு டோனர் (ஒரு முனையில சத்தம் அனுப்பி மறு முனையைக் கண்டுபிடிக்கற கருவி) வச்சு தேடித் தேடி எழுதவே எனக்கும் ஒரு பையனுக்கும் முழுசா ரெண்டு நாள் ஆச்சு, ஆபீஸ் ரெண்டு நாள் பாதி ஓடாம நின்னுச்சு. கேபிளோட ரெண்டு முனையிலயும், பேனல்லயும், சுவத்துப் பாயின்ட்லயும் ஒரே நம்பர், அதுக்கு ஒரு படம், ரேக் கதவு உள்பக்கம் ஒட்டி வைங்க.

அப்புறம் கேபிளைக் கட்டறதுக்கு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்க வேண்டாம், வெல்க்ரோ போடச் சொல்லுங்க. இறுக்கிக் கட்டி நசுங்கின இடத்துல உள்ள ஜோடிங்களோட இடைவெளி மாறிடும், டெஸ்ட்ல ஃபெயில் ஆகறதுல பல தடவை அதுதான் காரணமா இருந்திருக்கு.

பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கட்டடம், 70 மீட்டர்தான் தூரம். யூடிபி 100 மீட்டர் போகும்தானே? (தூத்துக்குடி வாசகர்)

போகும். யூடிபிங்கறது நாம இதுவரைக்கும் பேசின செம்பு நெட் கேபிள்தான், ஆனாலும் இங்க ஃபைபர் போடுங்க.

ரெண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. இடி விழறப்போ ரெண்டு எர்த்துக்கும் நடுவுல பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வரும், நீங்க இழுத்த செம்புக் கம்பி அதுக்குப் பாலம் போட்டுக் குடுக்குது. நேரா விழணும்னு கூட இல்ல, பக்கத்துல எங்கயோ விழுந்தாலும் கம்பியில தூண்டிவிட்டுடும். ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்ச பிறகு ரிப்பேருக்கு வர்ற ஸ்விட்சுங்கள்ல இப்படி வெளியில கேபிள் போன போர்ட் மட்டும் கருகினது எத்தனையோ பாத்துட்டேன். ஃபைபர் கண்ணாடி, கரண்ட் கடத்தாது. ஃபைபர்ல சிங்கிள் மோடுங்கற வகையைப் போட்டுடுங்க, நாளைக்கு வேகம் கூட்டணும்னாலும் முனையில ஸ்விட்ச்ல சொருகற மாட்யூலை மட்டும் மாத்தினா போதும். உள்ள உலோகக் கவசம் இல்லாத வெளிப்புற கேபிளா கேளுங்க, கவசம் உள்ளதுதான் கிடைச்சுதுன்னா அந்தக் கவசத்தை எர்த் பண்ணணும், அதை மறந்துட்டா ஃபைபர் போட்டதோட பலன் பாதி போச்சு.

நான் ஐடிஐ எலக்ட்ரானிக்ஸ் முடிச்சிருக்கேன் சார். கேபிளிங் வேலைக்குப் போனா எதிர்காலம் இருக்கா? முதல்ல என்ன டூல் வாங்கணும்? (பெரம்பலூர் வாசகர்)

இருக்கு தம்பி. கட்டடம் இருக்கற வரைக்கும் இந்த வேலை இருக்கும், ஆனா ஆளு கிடைக்கறது கஷ்டமா இருக்கு, அதுவும் ஒழுங்கா செய்யற ஆளு. முதல்ல ஒரு வருஷமாவது நல்ல கான்ட்ராக்டர்கிட்ட ஹெல்பரா போங்க, சம்பளம் கம்மியா இருந்தாலும் ஃப்ளூக் டெஸ்ட் வரைக்கும் செய்யற ஆளா பாத்து சேருங்க. டெஸ்ட்ல ஃபெயில்னு வர்ற பாயின்டை எல்லாம் நீங்களே போய் பிரிச்சுப் பாருங்க, எங்க தப்பு நடந்துச்சுன்னு கையால தெரிஞ்சுக்கற படிப்பு எந்த கோர்ஸ்லயும் கிடைக்காது. அப்புறமா பிக்சிங்கற அமைப்பு நடத்தற பரீட்சைங்க இருக்கு, உலகம் பூரா மதிப்பு, வளைகுடா பக்கம் வேலைக்குப் போறதா இருந்தா ரொம்ப உதவும்.

டூலுக்கு வருவோம். கிரிம்பிங் டூல் விலை கம்மியாவும் கிடைக்கும், ஆனா பஞ்ச் டூல்ல மட்டும் காசு பாக்காதீங்க, பிளேடு மழுங்கினா கம்பி உள்ள உக்காராது, மேலோட்டமா தொட்டுட்டு நிக்கும், ஆறு மாசம் கழிச்சு கம்ப்ளெயின்ட் வரும். ஜாக்கெட் உரிக்கறதுக்கு ஆழம் செட் பண்ணற ஸ்ட்ரிப்பர் வாங்குங்க, கத்தியால உரிச்சா உள்ள கம்பியோட தோலும் சேர்ந்து வெட்டுப்படும். ஒரு டோனர் செட், ஒரு லேபிள் பிரின்டர், ஸ்பிளிட் பேர் காட்டற டெஸ்டர் ஒண்ணு. நல்ல டார்ச்சும் ஒரு முகமூடியும் பையில எப்பவும் இருக்கட்டும், ஃபால்ஸ் சீலிங் மேல இருக்கற தூசு சாதாரணப்பட்டது இல்ல.